வெள்ள இன்ஷூரன்ஸும் மலைநாட்டு ஏழையும்

அபாயத்தைப் பலர் பங்கிட்டுக்கொண்டால் அதன் பாரம் முழுவதும் ஒருவர் தலையில் விழாது என்ற எளிய தர்மத்தின்மேல் எழுந்ததுதான் இன்ஷூரன்ஸ் என்னும் ஏற்பாடு. ஆனால் அந்த ஏற்பாட்டைச் சட்டமாக வகுக்கிறவர்கள் எத்தகைய வீட்டையும் எத்தகைய வீட்டுக்காரனையும் மனத்தில் இருத்திக்கொண்டு வகுக்கிறார்களோ, அதைப் பொறுத்தே அது யாருக்குக் கைகொடுக்கும், யாரைக் கைவிடும் என்பதும் தீர்மானமாகிவிடுகிறது. அமெரிக்க ஐக்கிய நாட்டில் அரை நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவரும் தேசிய வெள்ள இன்ஷூரன்ஸ் திட்டம், 2022 ஜூலைக் கடைசியில் கெண்டக்கி மாநிலத்தின் கிழக்கு மலைப்பிரதேசம் வெள்ளக்காடானபோது அங்கிருந்த ஜனங்களுக்கு எந்த அளவுக்குத் துணையாயிற்று என்று விசாரித்துப் பார்த்தால், அபாயம் மிகுந்த இடத்தில் வாழ்ந்தும், நாட்டின் மிக ஏழ்மையான குடிகளில் சேர்ந்தும் இருந்த அவர்களை அது ஏறக்குறைய முழுவதுமாகத் தவறவிட்டது என்ற உண்மையே எஞ்சுகிறது. குற்றம் அந்த ஜனங்களின் அலட்சியத்தில் இல்லை. திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அந்தப் பிரதேசத்தின் இயல்பைச் சிறிது சொல்லவேண்டும். கெண்டக்கி மாநிலம் கவுண்டி என்னும் 120 நிர்வாகப் பிரிவுகளாகப் பிரிந்துள்ளது. நம் ஜில்லாக்களோடு ஒப்பிட்டால் அவை மிகச் சிறியவை. நாட் கவுண்டியின் ஜனத்தொகை 2020-ஆம் ஆண்டுக் கணக்கின்படி 14,000-ஐச் சற்றே தாண்டுகிறது. பக்கத்திலுள்ள பெர்ரி, லெட்சர், ப்ரெதிட் ஆகியவையும் இவ்விதமான சிறிய கவுண்டிகளே. அப்பலேச்சிய மலைத்தொடரின் மடிப்புகளுக்குள் அமைந்த இந்தக் கவுண்டிகளில் சமதரை என்பது ஓடைகளின் இரு கரைகளிலும் ஒடுங்கிக் கிடக்கும் குறுகிய பட்டைதான். சாலை போவதும் அந்தப் பட்டையில். பள்ளிக்கூடமும் தேவாலயமும் கடையும் நிற்பதும் அதிலேயே. பாட்டன் கட்டிய பலகை வீடும், அதனருகில் பேரன் வாங்கி நிறுத்திய டிரெய்லர் வீடும் இருப்பதும் அதிலேயேதான். மேலே இருக்கும் மலைச்சரிவுகளோ, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நிலக்கரிக் கம்பெனிகளிடமும், வெளியூரில் இருந்துகொண்டே நிலத்தை ஆளும் கம்பெனிகளிடமும் பெருமளவில் சிக்கியிருக்கின்றன. எஞ்சிய சரிவுகளில் வீடு கட்டுவதென்றால் அதற்குச் செலவிடும் சக்தி உழைப்பாளிக் குடும்பங்களுக்கு ஏது?

இத்தகைய பூமியில் 2022-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தின் கடைசி வாரத்தில், ஐந்து நாட்களுக்குள், சில இடங்களில் 14 முதல் 16 அங்குலம்வரை மழை கொட்டியது. 27-ஆம் தேதி இரவு படுத்தவர்கள் 28-ஆம் தேதி விடியுமுன் வாசற்படியில் தண்ணீரைக் கண்டார்கள். பலர் அதைக் காண்பதற்குள் அடித்துச் செல்லப்பட்டார்கள். லெட்சர் கவுண்டியின் தலைமையூரான வைட்ஸ்பர்க்கில், கெண்டக்கி நதியின் வடகிளை 1957-ஆம் ஆண்டு வெள்ளம் விட்டுச்சென்ற 14.7 அடிக் குறியைச் சுமார் 6 அடி மிஞ்சி ஏறியது. நீர்மட்டத்தைக் குறிக்கும் கருவியே செயலிழந்துபோயிற்று. கீழ்நோக்கிப் போகும் வழியில் ஜாக்ஸன் ஊரிலும் 1939-ஆம் ஆண்டின் உச்சம் முறியடிக்கப்பட்டது. நாட் கவுண்டியின் ஹிண்ட்மனுக்குள் ஓடும் டிரபிள்சம் க்ரீக் என்ற ஓடை கடைத்தெருவை மூழ்கடித்தது. 40 பேருக்கு மேல் மாண்டார்கள். ஏறக்குறைய 9,000 வீடுகள் சேதமடைந்தன. 13 கவுண்டிகளின் குடிகள் மத்திய சர்க்காரின் தனிநபர் உதவிக்கு உரியவர்கள் என்று அறிவிக்கப்பட்டார்கள். இத்தனை வீடுகளில் வெள்ளத்துக்கான பாலிசி இருந்தவை மிகச் சொற்பம்.

அந்த நாட்டில் வீட்டுக்கு எடுக்கும் சாதாரண இன்ஷூரன்ஸ் பாலிசி நெருப்பையும் புயற்காற்றையும் திருட்டையும் ஏற்றுக்கொள்ளுமேயன்றி வெள்ளத்தை ஏற்றுக்கொள்ளாது என்பது பலருக்கு வெள்ளம் வடிந்த பிறகே தெரியவருகிறது. தனியார் கம்பெனிகள் வெள்ளத்தைக் கண்டு ஒதுங்கியதற்குக் காரணம் உண்டு. நெருப்பு ஒரு தெருவில் ஒரு வீட்டைப் பிடிக்கும். வெள்ளமோ தெரு முழுவதையும் ஒரே இரவில் பிடிக்கும். மேலும், மேட்டில் இருப்பவன் அந்தப் பாலிசியை வாங்கமாட்டான், பள்ளத்தில் இருப்பவனே வாங்குவான். ஆகவே பலருடைய சிறு தொகைகளைச் சேர்த்துச் சிலருடைய பெருநஷ்டத்தை ஈடுகட்டும் கணக்கு இங்கே கூடிவருவதில்லை. 1965-ஆம் ஆண்டு பெட்ஸி என்ற சூறாவளி நியூ ஆர்லியன்ஸ் நகரத்தை மூழ்கடித்த பிறகு இந்தக் குறை அமெரிக்க காங்கிரஸின் கவனத்துக்கு அழுத்தமாக வந்தது. 1968-ஆம் ஆண்டு ஜனாதிபதி லிண்டன் ஜான்ஸன் காலத்தில் தேசிய வெள்ள இன்ஷூரன்ஸ் சட்டம் பிறந்தது. ஓர் ஊரோ கவுண்டியோ ஆற்றங்கரையில் கட்டடம் கட்டுவதற்குக் கட்டுப்பாடுகளை விதிக்க ஒப்புக்கொண்டால், அங்கே உள்ளவர்களுக்கு மத்திய சர்க்காரே பாலிசி அளிக்கும் என்பது அதன் சாரம்.

இந்த ஏற்பாட்டுக்குப் பின்னே கில்பர்ட் வைட் என்ற பூகோள சாஸ்திரியின் சிந்தனை இருந்தது. அணைகளையும் கரைகளையும் உயர்த்திக்கொண்டே போவது ஒன்றே வெள்ளத்துக்கு மருந்து என்று எஞ்சினியர்கள் நம்பியிருந்த காலத்தில், மனிதன் எங்கே வீடு கட்டுகிறான், எவ்வாறு நிலத்தைப் பயன்படுத்துகிறான் என்பதும் நஷ்டத்தை நிர்ணயிக்கிறது என்று அவர் 1940-களிலேயே வாதித்தார்; 1966-ஆம் ஆண்டு வெள்ளக் கொள்கையை ஆராய்ந்த மத்திய குழுவுக்கும் அவரே தலைமை வகித்தார். இன்ஷூரன்ஸை யோசனையின்றி அமல்படுத்தினால் பள்ளத்தில் குடியேறுவதற்கு அதுவே தூண்டுகோலாகிவிடும் என்றும் அந்தக் குழு அப்பொழுதே எச்சரித்தது. அந்த எச்சரிக்கையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

சட்டம் வந்தும் ஜனங்கள் பாலிசி எடுக்க முன்வராமல் போகவே, 1973-இல் ஒரு கட்டாயம் புகுத்தப்பட்டது. மத்திய சர்க்காரின் கண்காணிப்பிலோ ஆதரவிலோ உள்ள ஸ்தாபனத்திடம் அடமானக் கடன் பெற்று, சர்க்காரின் வெள்ளப் படத்தில் அபாயப் பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீடு வைத்திருப்பவர் வெள்ளப் பாலிசி எடுத்தே தீரவேண்டும். இன்றுவரையில் இந்தத் திட்டத்தைத் தாங்கிவரும் தூண் இந்தக் கட்டாயந்தான். ஆனால் இந்தத் தூண் எங்கே ஊன்றப்பட்டிருக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். வங்கிக் கடன் இருந்தால்தான் கட்டாயம். கடன் இல்லாவிட்டால் கட்டாயம் இல்லை. நகரத்தில் சம்பளக்காரன் 30 வருஷக் கடனில் வீடு வாங்குகிறான். அவனை வங்கி வற்புறுத்துகிறது. மலைப் பள்ளத்தாக்கிலோ வீடு பரம்பரையாக வந்தது; பத்திரம் பாட்டியின் பேரிலேயே இன்னும் இருக்கிறது; பங்காளிகள் ஐந்தாறு பேர் ஊர்விட்டு ஊர் போய்விட்டார்கள். இன்னொருவன் டிரெய்லர் வீட்டைத் தவணையில் வாங்கி உறவினரின் நிலத்தில் நிறுத்தியிருக்கிறான். கடன் இல்லாமல் வாழ்வது நல்லொழுக்கம் என்று கருதி வாழ்ந்த அந்தக் குடும்பங்களை நினைவூட்டுவார் எவருமில்லை, வற்புறுத்துவாரும் எவருமில்லை.

அடுத்தது படத்தின் விஷயம். ஃபீமா என்று சுருக்கமாக வழங்கும் மத்திய அவசர நிர்வாக ஸ்தாபனம் வரையும் வெள்ளப் படங்களில், எந்த ஓர் ஆண்டிலும் நூற்றுக்கு ஒரு பங்கு வெள்ளம் வரும் வாய்ப்புள்ள நிலமே அபாயப் பகுதியாகக் குறிக்கப்படுகிறது. இதை நூறாண்டு வெள்ளம் என்று வழங்குவதால், ஒருமுறை வந்துவிட்டால் இனி நூறாண்டுக்குக் கவலையில்லை என்ற விபரீதமான தைரியம் பாமரரிடத்தில் மட்டுமல்ல, படித்தவரிடத்திலும் உண்டாகிவிடுகிறது. ஆண்டுக்கு நூற்றுக்கு ஒன்று என்ற வாய்ப்பு, ஒரு வீட்டுக் கடனின் காலமான 30 ஆண்டுகளில் நூற்றுக்கு 26 ஆக வளர்ந்துவிடுகிறது என்பதைச் சாதாரணக் கணக்கே காட்டும். இதுவும் போக, பெரிய நதிகளின் கரைகள் கவனமாக அளக்கப்படும் அளவுக்கு, மலையிடுக்கில் பிறந்து சில மைல் தூரம் ஓடி நதியில் கலக்கும் ஓடைகள் அளக்கப்படுவதில்லை. திறந்தவெளிச் சுரங்கத்துக்காக மரங்களை வெட்டி, மலைமுடியை வெடிவைத்துத் தகர்த்து, இறுகிப்போன மண்ணைப் பரப்பிவைத்த இடங்களில் மழைநீர் ஊறாமல் வழிந்தோடுகிறது. நேற்று வரைந்த படத்தை இன்றைய மலை பொய்யாக்கிவிடுகிறது. படத்தின் கோட்டுக்கு அப்பால் இருப்பவன் தன்னை அபாயத்துக்கு அப்பாற்பட்டவனாகவே எண்ணிக்கொள்கிறான்.

மூன்றாவது, விலை. திட்டத்தின் கணக்குகள் நெடுங்காலமாகவே சரிந்து கிடந்தன. பழைய வீடுகளுக்கு உண்மையான அபாயத்துக்குக் குறைந்த பிரீமியம் விதிக்கப்பட்டது. 2005-இல் கத்ரீனா சூறாவளி வந்தபோது, இழப்பீடு கொடுப்பதற்கு மத்தியக் கருவூலத்திடம் பெருங்கடன் வாங்கவேண்டியதாயிற்று. 2017-இல் காங்கிரஸ் 1,600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தும், 2025-இல் கடன் 2,200 கோடி டாலருக்கு மேல் நின்றது. இதைச் சீர்செய்வதற்காக 2021 அக்டோபர் முதல் ஒரு புதிய கட்டண முறை அமலுக்கு வந்தது. ஒவ்வொரு வீடும் தண்ணீரிலிருந்து எவ்வளவு தூரம், எவ்வளவு உயரம், திரும்பக் கட்ட எவ்வளவு செலவாகும் என்பவற்றையெல்லாம் தனித்தனியே எடைபோட்டு, அந்தந்த வீட்டின் அபாயத்துக்குத் தக்க பிரீமியத்தை அது விதிக்கிறது. ஏற்கெனவே பாலிசி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 18 பங்குக்கு மேல் கட்டணம் ஏறக்கூடாது என்ற வரம்பு இருக்கிறது. புதிதாகச் சேருகிறவனுக்கோ முழு விலையும் முதல் நாளிலேயே காத்திருக்கிறது.

கணக்கின் தர்மப்படி பார்த்தால் இந்த முறை நியாயமானதே. கடற்கரையில் மாளிகை கட்டிய தனவந்தனின் அபாயத்தை மேட்டுநிலத்துச் சிறுவீட்டுக்காரன் ஏன் சுமக்கவேண்டும் என்ற கேள்விக்கு அது சரியான விடையளிக்கிறது. ஆனால் விலை உண்மையைச் சொல்லவேண்டும் என்பது ஒரு விஷயம். அந்த விலை முழுவதையும் யார் கொடுக்கவேண்டும் என்பது வேறொரு விஷயம். அபாயத்தின் உண்மையான விலையைக் கேட்டு ஒருவன் வேறிடத்துக்குப் போகலாம் என்றால், போவதற்கு ஓரிடமும் பெயர்வதற்குப் பொருளும் அவனிடம் இருக்கவேண்டும். இரண்டும் இல்லாத மலைநாட்டு முதியவளிடம் அந்த விலையைச் சொன்னால், அவள் செய்யக்கூடியது ஒன்றே: பாலிசி வேண்டாம் என்று சொல்லிவிடுவாள். அப்பொழுது அபாயம் மறைந்துவிடுகிறதா? அது கணக்குப் புத்தகத்திலிருந்து மறைகிறது. ஓடைக்கரையில் அப்படியே இருக்கிறது.

"இந்த ஜனங்கள் முன்யோசனையில்லாதவர்கள், வெள்ளம் வந்தால் சர்க்கார் கொடுக்கும் என்று இருந்துவிடுகிறார்கள்" என்று சொல்பவர்கள் உண்டு. சர்க்கார் கொடுப்பது எவ்வளவு என்பதை அவர்கள் அறிந்திருந்தால் இவ்வாறு பேசமாட்டார்கள். 2022-ஆம் ஆண்டில் வீட்டைப் பழுதுபார்க்க ஒரு குடும்பத்துக்கு ஃபீமா அளிக்கக்கூடிய உச்சத் தொகை 37,900 டாலர். பெரும்பாலோருக்குக் கிடைத்தது அதற்கு மிகக் குறைவு. வெள்ளப் பாலிசியோ ஒரு வீட்டுக் கட்டடத்துக்கு 2,50,000 டாலர் வரையிலும், உள்ளேயுள்ள பொருள்களுக்கு 1,00,000 டாலர் வரையிலும் பாதுகாப்பு அளிக்கவல்லது. இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள தூரந்தான் மீண்டும் எழுந்து நிற்கும் குடும்பத்துக்கும் என்றைக்கும் எழுந்திருக்கமுடியாத குடும்பத்துக்கும் நடுவே உள்ள தூரம். வானத்தில் மேகத்தைக் கண்டு ஓடிப்போய்ப் பாலிசி வாங்கிக்கொள்ளவும் வழியில்லை. பொதுவாகப் பணம் கட்டிய 30 நாட்களுக்குப் பிறகே அது உயிர்பெறும்.

ஊர் நிர்வாகத்தின் நிலைமையும் கவனிக்கத்தக்கது. வெள்ளத் தடுப்புக் காரியங்களைச் சட்டம் கேட்பதற்கு மேலாகவே செய்யும் ஊர்களின் குடிகளுக்குப் பிரீமியத்தில் நூற்றுக்கு 5 முதல் 45 பங்குவரை தள்ளுபடி தரும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதைப் பெறுவதற்கு எழுதவேண்டிய அறிக்கைகளையும் வைக்கவேண்டிய பதிவேடுகளையும் கவனிக்கத் தனி உத்தியோகஸ்தர் இருக்கும் பெருநகரங்களுக்கு அது எளிது. நிலக்கரி வரி வருமானம் வற்றிப்போன மலைக் கவுண்டியிலோ, சாலைப் பள்ளத்தை மூடுவது முதல் குடிநீர்க் குழாய் வரையில் எல்லாம் ஒரு சிலரின் பொறுப்பாயிருக்கையில், அந்தத் தள்ளுபடி எட்டாக் கனியே. ஆக, வசதியுள்ளவர்களுக்கு விலை குறைகிறது. வசதியற்றவர்களுக்கு அது குறையாமல் நிற்கிறது.

இவ்விடத்தில் நமது தேசத்து அநுபவம் ஒன்று பொருத்தமாக நினைவுக்கு வருகிறது. 2016-இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், வங்கியில் பயிர்க்கடன் வாங்கிய விவசாயிக்குக் காப்பீடு கட்டாயம் என்ற விதி 2020 காரீப் பருவத்துக்கு முன்புவரை இருந்தது. கடனை வைத்துக் கட்டாயப்படுத்தும் உபாயம் அங்கும் இங்கும் ஒன்றே. ஆனால் அந்தத் திட்டத்தில் பின்பற்றத்தக்க இரண்டு அம்சங்கள் இருக்கின்றன. உணவு தானியத்துக்கு விவசாயி செலுத்தும் பங்கு காரீப் பருவத்தில் நூற்றுக்கு 2, ராபி பருவத்தில் 1.5 என்று நிர்ணயமாகி, எஞ்சியதை மத்திய, மாநில அரசுகள் ஏற்கின்றன. முக்கியப் பயிர்களுக்கு மகசூல் நஷ்டத்தைக் கிராமம் அல்லது ஊராட்சியை அலகாகக் கொண்டு கணக்கிடுகிறார்கள். இழப்பீடு தாமதமாகிறது, அறுவடைச் சோதனை சரியாக நடப்பதில்லை என்று நம் விவசாயிகள் கூறும் குறைகள் உண்மையானவை. எனினும், அபாயத்தின் விலையைக் கம்பெனி கணக்கிடட்டும், அதில் குடியானவனின் சக்திக்குத் தக்க பங்கை மட்டும் அவன் கொடுக்கட்டும் என்ற கொள்கையும், ஆபத்து ஊருக்குப் பொது, ஆகவே கணக்கும் ஊருக்குப் பொது என்ற கொள்கையும் அதில் இருக்கின்றன. கெண்டக்கி மலைநாட்டுக்கு வேண்டியவை இவைதாம்.

தனித்தனி வீட்டுக்காரரை வற்புறுத்திப் பயனில்லாத இடத்தில், கவுண்டி நிர்வாகமோ மாநில சர்க்காரோ ஒரே பாலிசியாகத் தன் குடிகள் அனைவருக்கும் வெள்ளப் பாதுகாப்பை வாங்கிவிடலாம். இவ்வகைச் சமூகக் காப்பீட்டின் சாதக பாதகங்களை அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-ஆம் ஆண்டிலேயே ஓர் அறிக்கையில் ஆராய்ந்திருக்கிறது. கலிபோர்னியாவில் சாக்ரமெண்டோ நதியின் கழிமுகத்தில் ஆயிரம் பேர்கூட இல்லாத ஐல்டன் என்ற சிற்றூர் அதைச் சோதித்துப் பார்க்கவும் முற்பட்டிருக்கிறது. பத்திரம் யார் பேரில் இருக்கிறது, கடன் இருக்கிறதா இல்லையா, படத்தின் கோட்டுக்கு இப்பாலா அப்பாலா என்ற கேள்விகளெல்லாம் அப்பொழுது அடிபட்டுப்போகும். மேட்டில் இருப்பவனும் சேர்ந்துகொள்வதால், பள்ளத்தில் இருப்பவன் மட்டுமே சேரும் பழைய குறையும் பெருமளவு நீங்கும். ஆயினும் ஏழைக் கவுண்டி தன் வரிப்பணத்தைக்கொண்டு மட்டும் இதைச் செய்ய இயலாது. வெள்ளத்துக்குப் பிறகு நிவாரணமாகக் கொட்டும் பொருளில் ஒரு பங்கை வெள்ளத்துக்கு முன்பே பிரீமியமாக மத்திய, மாநில சர்க்கார்கள் கொடுக்க முன்வரவேண்டும். கிழக்குக் கெண்டக்கி வெள்ளத்துக்குச் சில வாரங்களுக்குள் அந்த மாநிலச் சட்டசபை விசேஷமாகக் கூடி 20 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. ஆபத்து வந்தபின் காட்டிய இந்த உதார குணத்தை வருமுன் காட்டுவதற்குத் தடை என்ன?

மலிவான பாலிசி பள்ளத்தில் குடியிருப்பதை நிலைக்கச் செய்யாதா என்று கில்பர்ட் வைட்டின் வழிவந்தவர்கள் கேட்பார்கள். கேட்கவேண்டிய கேள்விதான். அதனால்தான் பாதுகாப்போடு கூடவே இடப்பெயர்ச்சியும் நடைபெறவேண்டும் என்கிறேன். ஆபத்தான வீடுகளை விலைகொடுத்து வாங்கி இடித்துவிடும் திட்டம் ஃபீமாவிடம் உண்டு. ஆனால் மனு கொடுத்த நாளுக்கும் பணம் கைக்கு வரும் நாளுக்கும் நடுவே ஆண்டுகள் பல சென்றுவிடுகின்றன. வாங்கப்பட்ட நிலம் என்றென்றும் திறந்தவெளியாகவே இருக்கவேண்டும் என்பதால் கவுண்டியின் வரி வருமானமும் குறைகிறது. இந்தச் சிக்கலுக்கு நடுவே ஆளுநர் ஆண்டி பெஷியர் காலத்தில் கெண்டக்கி சர்க்கார் எடுத்த முயற்சி ஒன்று பாராட்டுக்குரியது. சுரங்கத்துக்காக ஒருகாலத்தில் தரைமட்டமாக்கப்பட்ட மலைமேடுகளிலும் மற்ற உயரமான இடங்களிலும் நாட் கவுண்டியில் செஸ்ட்நட் ரிட்ஜ், ஆலிவ் பிராஞ்ச், பெர்ரி கவுண்டியில் ஸ்கைவியூ, லெட்சர் கவுண்டியில் தாம்ஸன் பிராஞ்ச் முதலிய புதிய குடியிருப்புகள் எழுகின்றன. தண்ணீர் ஏறமுடியாத உயரத்தில், பழைய ஊருக்கும் உறவுக்கும் முன்னோர் அடக்கமான இடத்துக்கும் தொலைவாகாமல் வீடு கிடைக்குமானால் பள்ளத்தை விட்டு வர மலைஜனங்களில் பலரும் தயங்கமாட்டார்கள். அதற்குத் தக்கபடி ஊர்ப்பொதுப் பாலிசியிலேயே ஒரு நிபந்தனையை வைக்கலாம்: ஒருமுறை முழுவதும் அழிந்த வீட்டுக்குக் கிடைக்கும் இழப்பீடு, அதே பள்ளத்தில் திரும்பக் கட்டுவதைவிட மேட்டில் கட்டுவதற்கு அதிகமாகக் கிடைக்கும்படி செய்யலாம். அப்பொழுது இன்ஷூரன்ஸ், பள்ளத்தில் இருத்திவைக்கும் கயிறாக இராமல், மேலே ஏற்றிவிடும் ஏணியாகும்.

செலவைப் பற்றிய ஆட்சேபம் எஞ்சியிருக்கிறது. ஏற்கெனவே கடனில் மூழ்கியிருக்கும் திட்டத்தின்மேல் ஏழைகளின் பாரத்தையும் ஏற்றலாமா என்று கேட்கலாம். ஏழைக்குத் தரும் சலுகையைப் பிரீமியத்துக்குள் மறைத்துவைத்தது பழைய தவறு. அதனால்தான் சலுகை கடற்கரைத் தனவந்தனுக்கும் போய்ச் சேர்ந்தது, கணக்கும் சரிந்தது. பிரீமியம் உண்மையைச் சொல்லட்டும். சலுகையை வருமானத்தைப் பார்த்து, பட்ஜெட்டில் வெளிப்படையாக, தனிச் செலவாகக் காட்டட்டும். இதற்கு வேண்டியது காங்கிரஸின் ஸ்திரமான மனம். 2017 முதல் இந்தத் திட்டத்துக்கு நீண்டகாலச் சட்டம் இயற்றாமல், 30 தடவைக்கு மேல் சில வாரங்களுக்கும் மாதங்களுக்குமாகத் தற்காலிக நீட்டிப்பே கொடுத்துவந்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் 1-ஆம் தேதி அந்த நீட்டிப்பும் காலாவதியாகி, நவம்பர் மத்தி வரையில் புதிய பாலிசி அளிக்க அதிகாரமற்றுத் திட்டம் நின்றுபோயிற்று. மாதக்கணக்கில் உயிர்ப்பிச்சை கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு ஸ்தாபனத்தால், ஒரு தலைமுறையைப் பள்ளத்திலிருந்து மேட்டுக்கு மாற்றும் காரியத்தை எவ்விதம் திட்டமிடமுடியும்?

மழை இனி அந்த மலைகளில் குறைந்து பெய்யும் என்று நம்புவதற்கு ஆதாரமில்லை. உஷ்ணமேறிய காற்று அதிக ஈரத்தைத் தாங்கிவந்து ஒரே இடத்தில் கொட்டுகிறது என்பது நிலைநாட்டப்பட்ட உண்மை. 2025 பிப்ரவரியில் கெண்டக்கியில் மறுபடியும் வெள்ளம் வந்து உயிர்களைக் கொண்டுபோயிற்று. எனவே அந்த நாட்டின் சட்டசபையாளர்கள் செய்யவேண்டியது மூன்று: வருமானத்துக்கு ஏற்ற பிரீமிய உதவியைச் சட்டத்தில் எழுதுவது, தனி வீட்டுக்குப் பதிலாகக் கவுண்டியே பாலிசிதாரராக இருக்க வழி திறப்பது, வெள்ளத்துக்குப் பிந்திய பணத்தில் உயர்ந்த இடத்துக் குடியிருப்புக்கென்று ஒரு பங்கை நிரந்தரமாக ஒதுக்குவது. இவற்றைச் செய்யாமல் இருந்தாலும் அடுத்த வெள்ளத்தின் செலவை அந்தத் தேசம் எப்படியும் கொடுக்கத்தான் போகிறது. ஒழுங்கான பிரீமியமாக முன்னே கொடுப்பதா, நிவாரணமாகவும் மரணமாகவும் பின்னே கொடுப்பதா என்பதுதான் அதன் முன்னுள்ள தேர்வு.